சிவப்பு அலுமினியம்

என் மனைவியின் தம்பி கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, அவனுடைய பெட்டியில் பால்மாவுக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு கார் இருந்தது. றிமோட்டில் ஓடுகிற கார். பேக்கரியில் வாங்கிய இரண்டு பாண் றாத்தலை ஒட்டிவைத்த நீளம். மூடிய கூரை கிடையாது, பெரிய சில்லுகள் நாலும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மண்ணிலும் மேட்டிலும் ஓட்டிப் பந்தயம் விடுவதற்கென்றே செய்த சாதி.

"ஆருக்கு இது?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் விளையாட்டுச் சாமான் கேட்கிற வயதில் பிள்ளைகள் இல்லை.

"எனக்குத்தான் மச்சான்" என்றான். நானும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

கலியாணம் செய்யாத, தலையில் நடுப்பகுதி வெளிக்கத் தொடங்கிய ஆம்பிளை அவன். வேலை செய்த கம்பனி ஆட்களைக் குறைத்ததில் அவனும் குறைக்கப்பட்டான். மற்றவர்கள் வரும்போது தையல் மெஷின் கொண்டுவந்தார்கள், டைல் வெட்டுகிற மெஷின் கொண்டுவந்தார்கள். பிழைக்கிற வழியைக் கையோடு கொண்டுவந்தார்கள். இவன் இதைக் கொண்டுவந்தான். என் மனைவி பால்மாப் பக்கெட்டுகளை எடுத்து அலுமாரிக்குள் அடுக்கினாள். அந்த நாளிலிருந்து அவன்மீது எனக்கிருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி முன்பே இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

எனக்கு வேலை நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில். கரி கொண்டுபோகிற நீளமான பெல்ட்டுகளின் கீழே உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த உருளைகளின் பெயாரிங்குகளை மாற்றுவது என் வேலை. கடற்காற்றும் கரித்தூளும் சேர்ந்து இரும்பை எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு சாமானைப் பார்த்தால், அது எந்த இடத்தில் உடையும் என்றுதான் முதலில் பார்ப்பேன். எவ்வளவு வடிவு என்று பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பிடிக்காதவர்களைக் கூட்டமாகச் சந்திக்கும் வாய்ப்பு அந்தக் காரால்தான் கிடைத்தது.

புத்தளத்தில் இப்படிக் கார் விடுகிறவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. எப்படித்தான் கண்டுபிடித்தானோ, மச்சான் வந்த கிழமையே அதில் சேர்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, களப்போரத்தில் கடல்தண்ணீர் வற்றிக் காய்ந்த வெளியில் அவர்கள் கூடுவார்கள். அவனுக்கு மோட்டார் சைக்கிள் இல்லை. நான்தான் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். காரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பான், குழந்தையை மருந்தெடுக்கக் கொண்டுபோகிறவன் மாதிரி.

அங்கே ஒருவர் இருந்தார். புத்தளம் டவுனில் வாகனம் ஓட்டப் பழக்குகிற பாடசாலை வைத்திருப்பவர். சிலாபத்துப் பக்கத்தவர், சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து கதைப்பார். எல்லாரும் 'மாஸ்டர்' என்பார்கள். பொம்மைக் கார் விடுவதற்கு விரல் வெட்டிய தோல் கையுறை போட்டுக்கொண்டு வந்த மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை. மடக்குக் கதிரை, குடை, குளிர்பெட்டி எல்லாம் அவருடைய வான் வண்டியில் வரும். அவருடைய காரில் கம்பனி போட்டு அனுப்பிய சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை. கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி, ஊதாவும் பொன்னிறமுமாகப் பளபளக்கிற சாமான்களைப் பூட்டியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கலியாண வீட்டு மின்விளக்குச் சரம் ஒன்று ஓடித் திரிவது போலிருக்கும்.

மச்சானின் காரைத் தூக்கிப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்து, "இது பெட்டியிலேருந்து எடுத்த மாதிரியே இருக்குதே தம்பி" என்றார்.

"ஓம் மாஸ்டர், புதுசு."

"புதுசு இல்ல. வெறுசு" என்றார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

மச்சானும் சிரித்தான். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

அன்றைக்கே தொடங்கியது பீடை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கதையே இல்லை. அவன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சீனாக் கடைகளில் சாமான் பார்ப்பான். எந்தச் சாமான் போடலாம் என்று குழுவில் கேட்பான். மாஸ்டரிடமிருந்து குரல் பதிவில் பதில் வரும். தொண்டையைச் செருமி, "முதலாவதாக" என்று தொடங்கும் அந்தப் பதில்கள், அவர் இரண்டாவதாக எதையும் சொல்வதற்குள் முடிந்துவிடும்.

முதலில் பெரிய மோட்டர் போட்டான். கார் பாய்ந்தது. மூன்றாம் தரம் பாய்ந்தபோது உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பல்லுச்சில்லு பல்லெல்லாம் கொட்டிக் கிழவியாகிவிட்டது. அதற்கு இரும்பில் பல்லுச்சில்லு எடுத்துப் போட்டான். இப்போது பல் போகவில்லை, பின்சில்லுக்குப் போகிற தண்டு முறுகியது. தண்டையும் இரும்பாக்கினான். அடுத்த வெள்ளிக்கிழமை, பல்லுச்சில்லு இருக்கிற கூடே வெடித்துவிட்டது.

"நீ ஒண்டையும் திருத்தேல்ல" என்று சொன்னேன். "உடையிற இடத்த ஒண்டிலேருந்து இன்னொண்டுக்கு மாத்திக்கொண்டு போறாய். கடைசியில கார் முழுக்க இரும்பாகும். அப்ப அது ஓடாது, அம்மிக்கல்லு மாதிரி கிடக்கும்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

சொன்னேன். ரப்பர் மூடிபோட்ட பெயாரிங் வாங்கு, இங்கத்தை உப்பு மண்ணுக்கு அதுதான் முதல் தேவை. மோட்டர் முனையில் இருக்கிற சின்னப் பல்லுச்சில்லை இன்னும் ஒரு அளவு சின்னதாக்கு, மணலில் மோட்டர் சுடாது. சில்லுகளைத் தாங்குகிற கைகள் இருக்கிறதே, அந்தப் பிளாஸ்டிக் கைகளைத் தொடாதே. இடித்தால் அவை வளைந்து நிமிரும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். அது வாங்கிய அடியை உள்ளே அனுப்பிவிடும்.

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஃபோனை என் பக்கம் திருப்பினான். சிவப்பு நிறத்தில் நாலு அலுமினியக் கைகள். மிட்டாய்க் கடைச் சிவப்பு.

"வடிவா இல்லையா மச்சான்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். குசினியிலிருந்து என் மனைவி சொன்னது கேட்டது. "ரெண்டு பேருக்கும் விசர். ஒராளுக்குக் கார் விசர். மற்ற ஆளுக்கு, தான் சொன்னது சரி எண்டு ஆராவது சொல்லவேணும் எண்ட விசர்."

அவள் அப்படித்தான். இரண்டு பக்கமும் அடிப்பாள்.

ஆனாலும் அவன் கொஞ்சம் பயந்தவன். அடுத்து வந்த பார்சலில் நான் சொன்ன பெயாரிங்குகள் இருந்தன. நானே உட்கார்ந்து பூட்டினேன். சின்னப் பல்லுச்சில்லையும் மாட்டினேன். பழைய பிளாஸ்டிக் கைகளை அப்படியே விட்டேன். கார் முன்புபோலப் பாயவில்லை, ஆனால் களப்போரத்தில் எத்தனை சுற்று விட்டாலும் உடையவில்லை. எனக்கு அது போதும். அவன்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான்.

அந்த நேரத்தில்தான் கண்டக்குழியில் பந்தயம் வைக்கும் கதை வந்தது. அங்கே கடலோரமாக லொட்ஜ் நடத்துகிற ஒருவர், காற்று விழுந்த காலத்தில் தவிக்கிறவர். காற்று இருந்தால் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் வழுக்கித் திரிவார்கள். காற்று இல்லாவிட்டால் அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை, மீன் பொரியலைக் குறைசொல்லிக்கொண்டு படுத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வேடிக்கை வேண்டும். அதற்காக மாஸ்டரின் குழுவைக் கூப்பிட்டிருந்தார். படித்த, பிள்ளைகுட்டிக்காரரான இத்தனை ஆம்பிளைகள் வெள்ளைக்காரரின் சலிப்பைத் தீர்க்க இவ்வளவு சந்தோஷத்தோடு ஆயத்தமானதைப் பார்க்க எனக்கு வெட்கக்கேடாக இருந்தது.

மாஸ்டர் அந்தப் பந்தயத்துக்கென்று புது டயர் எடுத்திருந்தார். டயரைச் சுற்றி அகப்பை அகப்பையாகக் கரண்டிகள் நீட்டிக்கொண்டிருந்தன. "மணலுக்கு இதுதான்" என்று குழுவில் படம் போட்டார்.

"எங்களுக்கும் எடுப்பமா?" என்று மச்சான் கேட்டான்.

"வள்ளத்துக்குத் துடுப்புப் போடுவாங்க. காருக்கு ஆரும் போடுவாங்களா?" என்றேன். அவன் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

பந்தயத்தன்று காலையில் அவன் காரை குளித்துத் துவட்டுகிற ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு வந்து பின்னால் ஏறினான். கண்டக்குழிக்குப் போய் இறங்கித் துவாயை விரித்தபோதுதான் கண்டேன். நாலு கைகளும் சிவப்பு.

எனக்குத் தெரியாமல் வாங்கி, எனக்குத் தெரியாமல் பூட்டியிருக்கிறான். ஒரு ஸ்குரூ சரியாக இறுகவில்லை என்பதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

"உனக்கு மூளை இருக்குதா?" என்று கத்தினேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் உனக்கு எத்தின தரம் சொன்னன்? அந்த மாஸ்டர் எண்ட கோமாளி சொன்னா வேதவாக்கு, நான் சொன்னா குப்பையா?"

காரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"மாஸ்டருக்காக இல்ல மச்சான். அங்க இருந்த காலம் முழுக்க கம்பனி தந்த உடுப்பு, கம்பனி தந்த சப்பாத்து, கம்பனி தந்த கட்டில். எட்டுப் பேர் ஒரு அறையில. எல்லாச் சாமானும் சாம்பல் நிறம். உழைச்சது இங்க வந்தது, ராத்தாட கலியாணத்துக்கு, வாப்பாட ஒப்பரேசனுக்கு. நான் குறை சொல்லேல்ல. ஒரு சாமான், ஒண்டே ஒண்டு, வடிவா இருக்குது எண்டதுக்காக மட்டும் வாங்கக்கூடாதா?"

அவனுடைய ராத்தாவைத்தான் நான் கட்டியிருக்கிறேன். அந்தக் கலியாணத்தில் கிடைத்த கட்டிலில்தான் இன்றைக்கும் படுக்கிறேன். ஸ்குரூடிரைவரை எடுத்து, இறுகாத ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தேன். அதற்காக, அலுமினியக் கை முட்டாள்தனமில்லை என்று ஆகிவிடாது. அழகான காரணம் சொல்லிச் செய்தாலும் முட்டாள்தனம் முட்டாள்தனம்தான்.

மணலில் பழைய வலை மிதவைகளை ஊன்றி, கயிறு கட்டிப் பாதை போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் இளநீரோடு கதிரைகளில் இருந்தார்கள். லொட்ஜ்காரர் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஏதோ அளந்தார். மாஸ்டர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

என் கணிப்பு என்னவென்றால், முதல் வளைவில் மாஸ்டரின் மோட்டர் சூடேறிப் புகைக்கும், மற்றவர்களுடையது ஒவ்வொன்றாக உடையும், எங்களுடையது மெதுவாக ஓடி முடிக்கும், முடித்தாலே வெற்றி.

பாதிக் கணிப்பு சரி. மற்றவர்களுடையவை உடைந்தன. ஒன்று சில்லுக் கழன்று கடல் பக்கம் ஓடியது, ஒன்று தலைகீழாக விழுந்து எறும்புபோலக் கால்களை உதறியது. மாஸ்டரின் கார் மட்டும், அந்தக் கலியாண வீட்டு விளக்குச் சரம், கரண்டி டயர்களால் மணலை வாரிப் பின்னால் எறிந்துகொண்டு, தண்ணீரில் வள்ளம் போவதுபோல மேட்டில் ஏறி மறுபக்கம் குதித்தது. அவருடைய பெருவிரல் அசைந்ததுகூடத் தெரியவில்லை. அந்த மனிதருக்கு ஓட்டத் தெரியும். அதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கவேண்டித்தான் இருக்கிறது.

எங்களுடைய கார் உடையவில்லை. மென்மணலில் புதைந்து, எழும்பி, மறுபடி புதைந்து, முக்கி முனகிக்கொண்டு ஓடியது. நான் மாட்டிய சின்னப் பல்லுச்சில்லுக்கு அந்த மேட்டை ஏறுகிற வேகம் வரவில்லை. ஓடி முடித்தவற்றில் நாங்கள்தான் கடைசி. மோட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. அதைச் சொல்லிப் பெருமைப்பட அங்கே ஆளில்லை.

மாஸ்டருக்குப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கி, "சாமான் தெரிவில்தான் எல்லாம் இருக்கிறது" என்று பேசினார். என் பக்கம் பார்த்துத்தான் பேசினார் என்று நான் சத்தியம் செய்வேன். என் மனைவி பின்னேரம் இதைக் கேட்டபோது, "அவருக்கு உங்கள ஆரெண்டே தெரியாது" என்றாள்.

நான் காரைத் துவாயில் சுற்றச் சொன்னேன். அதற்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண் எழும்பி வந்தாள். வெயிலில் தோலுரிந்த தோள்கள். மாஸ்டரின் காரைத் தாண்டி நேரே எங்களிடம் வந்து, சிவப்புக் கைகளைத் தடவிப் பார்த்து, தான் ஒரு தரம் ஓட்டலாமா என்று கேட்டாள்.

"குடுக்காத" என்று நான் தமிழில் சொன்னேன்.

மச்சான் றிமோட்டை அவள் கையில் வைத்தான்.

அவள் ஓட்டினாள் என்று சொல்லமுடியாது. கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளத்துக்கு நேரே விட்டாள். சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கத்துச் சிவப்புக் கை, நான் சொன்னபடியே வளைந்திருந்தது. அடி உள்ளே போய், நான் சொன்னபடியே கூட்டின் ஓரமும் கீறியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. அதை மறைக்கவும் இல்லை. காரைத் தூக்கிப் பிடித்து, "பார்! இப்ப பார்!" என்று மச்சானிடம் காட்டினேன்.

அவன் பார்க்கவேயில்லை. அந்தப் பெண்ணோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். வந்த நாளிலிருந்து அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவன் கையில் ஒரு காசுத் தாளைத் திணித்தாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிற காரை ஓட்டுவதற்கு.

லொட்ஜ்காரர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை மச்சானைக் கூப்பிட்டு, பின்னேரங்களில் கடற்கரையில் வந்து நின்று காரை வாடகைக்கு விடு என்றார்.

இப்போது அவனிடம் நாலு கார். சிவப்பு, நீலம், ஊதா, ஒரு கண்ணைக் குத்துகிற பச்சை. நாலிலும் அலுமினியக் கை, எல்லாவற்றிலும் கரண்டி டயர். எது கெதியாக ஓடும், எது உடையாது என்று ஒரு வெள்ளைக்காரரும் இதுவரை கேட்டதில்லை. நிறத்தைக் காட்டிக் கேட்பார்கள், வள்ளத்தில் கொண்டுபோய் முட்டுவார்கள், சிரிப்பார்கள், போவார்கள். வளைந்த கைகளை நிமிர்த்துவதற்கும் மணல் தின்ற பெயாரிங்குகளை மாற்றுவதற்கும் வெள்ளிக்கிழமைகளில் நான் போகிறேன். என் மனைவி போகச் சொல்கிறாள், அதனால் போகிறேன்.

போன மாதம் மச்சானுக்குப் புத்தளத்தில் ஒரு சம்பந்தம் பேசிவந்தது. பெண்ணின் வாப்பா உப்பளக்காரர், தோட்டம் துரவு உள்ளவர். மாப்பிள்ளை என்ன தொழில் என்று தரகர் கேட்டபோது இவன், "வாகனம் வாடகைக்கு விடுறன்" என்று சொல்லியிருக்கிறான். பொய்யில்லை. அந்த உப்பளத்து ஹாஜியார் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்.

"எத்தின வாகனம் ஓடுது?"

"நாலு, ஹாஜியார்."

"பெரிசா, சின்னனா?"

"சின்னன்" என்றேன்.

"சின்ன வான் எண்டாலும் எண்ணெய்ச் செலவு கூட, என்ன?"

"எண்ணெய் ஊத்துறேல்ல" என்று மட்டும் சொன்னேன். நேரில் வந்து பார்க்கச் சொன்னேன்.

அவர் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, வாசனை அத்தர். மணலில் வரிசையாக நின்ற நாலு கார்களையும் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். கதை இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மச்சான் றிமோட்டை நீட்டினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஹாஜியார் கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு றிமோட்டை வாங்கினார். பச்சைக் காரை எடுத்தார். முதலில் அது அவருடைய காலிலேயே வந்து மோதியது. பிறகு நேராக ஓடியது. பிறகு மேட்டில் ஏறியது. பற்றரி சாகும்வரைக்கும் ஓட்டினார். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டபோதுதான் தலையை நிமிர்த்தினார்.

நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வைக்கலாம் என்று மச்சானிடம் சொன்னார். றிமோட்டைக் கொடுக்காமலே சொன்னார். பிறகு காரைக் குனிந்து பார்த்து, இந்தக் கூட்டத்தில் விசயம் தெரிந்தவர் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும், என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தம்பி, இதுக்கு இதவிடப் பெரிய மோட்டர் ஒண்டு போடேலாதா?"

கைத்தடியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தொழப் போனேன்.